உப்புக் காற்றுக்கு அசராத கைலார்டியா

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கடலை ஒட்டின வீட்டில் ஆசையாக ரோஜா வைத்து, இலை ஓரமெல்லாம் கருகி, கடைசியில் வெறும் குச்சியைப் பிடுங்கி எறிந்தவர்களில் நானும் ஒருத்தன். தங்கச்சிமடத்து மல்லி நாற்று ஊர் ஊராகப் போகிறது, அதன் பெருமை வேறு. வாசலில் கலராக ஏதாவது நிற்க வேண்டும் என்றால் நம் மணலுக்குத் தோதான ஆள் கைலார்டியா என்கிற பூச்செடிதான். சூரியகாந்திக் குடும்பம். சொந்த ஊர் அமெரிக்கா. டெக்சாஸ், புளோரிடா கடற்கரை மணலில் தானாக முளைத்துக் கிடக்கும். விதை வாங்கும்போது புல்செல்லா வகையைக் கேளுங்கள்.

பூவைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இதழ் சிவப்பு, நுனி மஞ்சள், அந்த நுனியும் மூன்று பல்லாகப் பிளந்திருக்கும். நாம் இதழ் என்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ, நடுவில் பொத்தான் மாதிரி இருப்பதும் குட்டிப் பூக்களின் கூட்டம்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைக்காதீர்கள். வெயிலுக்கும் மணலுக்கும் அசராத இந்தச் செடி, தண்ணீர் கட்டி நின்றால் வேர் அழுகிப் போய்விடும். மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு போதும், ஆனால் நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். விதையை மேலே தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் சரி. மண் போட்டு மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். நான் முதல் தடவை வெண்டை விதை மாதிரி விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று விதை விற்றவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். நாலைந்து இலை வந்ததும் ஓர் அடி இடைவெளி விட்டு, நல்ல வெயில் விழும் இடத்தில் நடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலபேர் ஏமாறுவது. உப்புக் காற்றைத் தாங்குகிற செடிதானே என்று போர் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது. இலையில் படுகிற உப்பு வேறு, வேரில் சேருகிற உப்பு வேறு. கொஞ்சம் வாயில் விட்டுப் பாருங்கள், லேசாக உவர்த்தால் வளர்ந்த செடி சமாளிக்கும், கரித்தால் வேண்டாம். நாற்றுக்கு நல்ல தண்ணீர் மட்டும். வேர் பிடித்த பிறகு தினமும் ஊற்ற வேண்டியதில்லை, மேல்மண் காய்ந்ததும் ஊற்றினால் போதும்.

உரம் என்றால் நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி மக்கின ஆட்டுப்புழுக்கை, அவ்வளவுதான். பாசம் பொங்கி மறுபடி மறுபடி போட்டால் இலையாகத் தழைத்து, தண்டு இளைத்து, வைகாசியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும்போது படுத்துவிடும். தென்கடல் பக்கத்து வீடு என்றால் காற்று வரும் திசையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனையோலைத் தட்டி கட்டுங்கள், ஆட்டுக்கும் அது தடுப்பு.

விதைத்து மூன்று மாதத்தில், பங்குனி வாக்கில், பூ பிடிக்கும். வாடினதை உடனுக்குடன் கிள்ளினால் பூ தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். இலையில் பூனைமுடி இருக்கிறது, சிலருக்குக் கை அரிக்கும், அப்படியானால் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஓராண்டுச் செடிதான், அதனால் கடைசியில் வரும் பூக்களைக் கிள்ளாமல் விடுங்கள். இதழ் உதிர்ந்து நடுப்பகுதி சொரசொர உருண்டையாகக் காய்ந்ததும் விரலால் தேய்த்தால் விதை கொட்டும். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காகிதத்தில் மடித்து வையுங்கள். கையில் சிக்காமல் மணலில் விழுந்தது மழைக்குப் பிறகு வாசல் ஓரத்தில் தானே முளைத்து நிற்கும், பெருக்கும்போது புல் என்று பிடுங்கிவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.