பழைய கம்ப்யூட்டரில் கிடக்கும் கணக்குகளைப் பத்திரமாக வெளியே எடுப்பது எப்படி?

கோத்தகிரியில் மாமா வீட்டு மாடியில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி. பச்சைத் தேயிலை போட்ட கணக்கு, பேங்க் விவரம், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில். போன வாரம் மாமா பெட்டியைக் காலி செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபை டாங்கிள் இருந்தால் அதையும். தேவையான சாஃப்ட்வேரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

குளிரில் கிடந்த பெட்டியை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மரம் விழுந்து கரண்ட் போகிற மழை நாளில் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் ஆஃப் செய்துவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால் இருப்பதும் போகும்.

தேதியையும் பாருங்கள். மாமா பெட்டி 2002 என்றது. மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. திருத்தாவிட்டால் எது புதிய பேக்கப் என்பதே பிறகு குழம்பும்.

அப்புறம் காப்பி. வெளி ஹார்ட் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்ற பழைய முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. ஃபைல்களைச் சுருக்கிப் பூட்டும் செவன்-ஜிப் சாஃப்ட்வேரில் ஃபோல்டர்களைத் தேர்ந்து, 7இசட் வடிவம், பாஸ்வேர்ட், 'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக், சேமிக்கும் இடம் வெளி டிஸ்க். அந்த டிக்கை விட்டால் உள்ளே என்னென்ன ஃபைல் என்று யாரும் படிக்கலாம். பழைய பெட்டி ஊர்ந்துதான் போகும். ராத்திரி போட்டது காலை டீ நேரத்தில்தான் முடிந்தது.

நம் ஆட்கள் மறக்கும் ஒன்று: எழுத்துரு. மாமாவின் கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் சேர்த்து எடுங்கள்.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, டிஸ்க்கோடு வைக்காமல் தனியே வையுங்கள். மறந்தால் யாராலும் திறந்து தர முடியாது.

பெட்டி ஆன் ஆகவே இல்லையா? டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் புதிய கம்ப்யூட்டரில் செருகுங்கள். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால், வேண்டாம்!

கடைசியாக, புதிய கம்ப்யூட்டரில் ஜிப்பைப் பிரித்து, வைரஸ் ஸ்கேன் செய்து, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஸ்கேனரால் பூட்டிய ஜிப்புக்குள் பார்க்க முடியாது, அதனால் பிரித்த பிறகுதான் ஸ்கேன். சரியாக இருந்தால் இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி போட்டு, வேறு வீட்டில் வையுங்கள். எங்களுடையது ஊட்டியில் அக்கா வீட்டில்.

பழைய டிஸ்க்கைக் குவிக் ஃபார்மட் செய்தால், எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணைதான் அழியும், ஃபைல் அப்படியே கிடக்கும். அதனால் அதைக் கழற்றிப் பீரோவில் பூட்டிவிட்டோம். பெட்டி மட்டும் காயலான் கடைக்குப் போனது.