நாற்பது பேரோடு உலகப் போராட்டத்தில் சேர்வது எப்படி

பருவநிலைக்கான உலகக் கூட்டணிகள் நாள் குறித்து அழைப்பு விடுக்கும்போது, நம் ஊரில் சின்னதாக ஒன்றைச் செய்து அதில் சேர்ந்துகொள்ளலாம். பெரிய கூட்டமெல்லாம் வேண்டாம். 2009 அக்டோபர் 24-ல் 350 டாட் ஆர்க் என்ற அமைப்பு கூப்பிட்டபோது 181 நாடுகளில் 5,200-க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்ததே, அதில் பல இடங்களில் வந்தது ஒரு கைப்பிடி ஆட்கள்தான். எல்லோரும் காட்டியது ஒரே எண்: 350. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 350 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள் (இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது).

அதனால் முதலில் கோரிக்கையை ஒன்றாகச் சுருக்குங்கள். குளம், பிளாஸ்டிக், மரம், மின்கட்டணம் என்று பத்தையும் ஒரே பேனரில் ஏற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அடுத்தது படம். பாதி வேலை இதுதான். கடல்மட்டம் உயர்ந்தால் மூழ்கிவிடக்கூடிய மாலத்தீவில் அன்றைய அதிபர் நஷீத் அதே 2009 அக்டோபரில் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டினார். அந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நம்மிடம் கடல் இல்லையென்றால் மைதானம் போதும், ஆட்களை நிறுத்தியே கோரிக்கையை எழுத்தாகக் காட்டிவிடலாம். முந்தின நாளே கோலமாவில் எழுத்தின் கோட்டைப் போட்டு வையுங்கள், கோட்டின் மேல் ஆட்களை வரிசையாக நிறுத்துங்கள், பக்கத்து மொட்டைமாடியிலிருந்து எடுங்கள். எடுப்பவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிகிறதா என்று ஒருவரை மாடிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாவைத் தூவ வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது பேரும் வெயிலில் தலைகீழாக நிற்பார்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்தை அன்றைக்கே ஊர்ப்பெயரோடு கூட்டணிக்கு அனுப்புங்கள், தொகுதி எம்.பி.க்கும் ஒன்று. அதோடு நின்றுவிடாமல் தொடர்ந்து இயங்க நினைத்தால் காலநிலைச் செயல் வலையமைப்பின் (Climate Action Network) தெற்காசியக் கிளையைத் தேடிப் பாருங்கள். 1989-ல் தொடங்கிய கூட்டணி அது, ஐ.நா. பருவநிலை மாநாடுகளில் முட்டுக்கட்டை போடும் நாட்டுக்கு ‘அன்றைய புதைபடிவம்’ என்று (நிலக்கரி, பெட்ரோல் போன்ற புதைபடிவ எரிபொருளைக் குத்திக்காட்டும் பெயர்) கேலி விருது கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

அப்புறம், கிளம்பும் முன் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிவிடுங்கள். குப்பை கிடந்தால் அந்தப் படம்தான் பரவும்.