வெயிலும் மழையும் மாறிமாறி வரும் பயிற்சி நாளில் பைக் ரேஸர்கள் செய்யும் தவறுகள்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதத்துப் பயிற்சி நாள் எப்படிப் போகும் என்பதை முந்தின நாளே ஓரளவு சொல்லிவிடலாம். காலை பத்து மணிக்கெல்லாம் தார் சுடும். மதியம் கடல்காற்று உள்ளே நுழையும். நான்கு மணிவாக்கில் மேற்கே காஞ்சிபுரம், ராணிப்பேட்டைப் பக்கம் வானம் கறுக்கும். முதலில் புழுதிக்காற்று, பின்னாலேயே பெரிய பெரிய துளிகள். அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல வெயில் அடிக்கும். இந்தத் தடமான மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டின் நீளம் 3.7 கி.மீ. ஒரு முனையில் மழை பெய்யும்போது மறுமுனை காய்ந்து கிடப்பதும் உண்டு.

இந்த மாதிரி நாளில் விழுபவர்களில் பலருக்கு மழையில் ஓட்டத் தெரியாமல் இல்லை. மழைக்கு முந்தின பத்து நிமிடத்திலும், அது விட்ட பிறகு வரும் பத்து நிமிடத்திலும் பைக்கைத் தயார்செய்யும் இடமான பிட்டுக்குள் எடுத்த அவசர முடிவுதான் டிராக்கில் வந்து தள்ளிவிடுகிறது.

வானத்தைச் சதவீதத்தில் பார்ப்பது

போனில் “மழைக்கு 60 சதவீத வாய்ப்பு” என்று இருப்பதைப் பார்த்து எந்த டயரைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாது. அந்த எண் பொதுவாக ஒரு பெரிய வட்டாரத்துக்கானது. வெப்பச்சலன மழையோ நான்கைந்து கிலோமீட்டர் அகலத்தில் பெய்துவிட்டுப் போய்விடும். பார்க்க வேண்டியது வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படம். அதிலும் ஒரே ஒரு படம் போதாது. பத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் வந்த இரண்டு படங்களை ஒப்பிட வேண்டும். மேகக்கூட்டம் பத்து நிமிடத்தில் 5 கி.மீ. நகர்ந்திருந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கி.மீ. அது இன்னும் 15 கி.மீ. தள்ளி இருந்தால் கையில் அரை மணி நேரம் இருக்கிறது. ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்ட அது தாராளம்.

ரேடாரில் படம் வர நேரமானாலும் காற்று சொல்லிவிடும். புழுக்கமாக இருந்த இடத்தில் திடீரென்று மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று அடித்தால் மழை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது பைக் வேலை இல்லை. கூடாரத்தின் நான்கு கால்களையும் கட்டுங்கள், தரையில் கிடக்கும் மின்சார எக்ஸ்டென்ஷன் பெட்டியை மேஜை மேல் தூக்கி வையுங்கள். டயரைச் சூடாக்கிவைக்கும் உறையான டயர் வார்மர் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனால் டயர் வீணாவது பெரிய விஷயமில்லை, தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

சக்கரம் மாற்றும் அவசரம்

வெட் டயர் (மழைக்கான பள்ளமுள்ள டயர்) போட்ட ரிம்மைத் தனியாக வைத்திருப்பவர்கள்கூட அதைப் பாதி தயாராக வைத்திருப்பார்கள். பிரேக் டிஸ்க் இருக்கும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் இருக்காது. அல்லது ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூடுதலாக இருக்கும். செயின் தொய்வு மாறிவிடும், அதைச் சரிசெய்ய இன்னும் ஐந்து நிமிடம் போகும். டிஸ்க், அதே பல் எண்ணிக்கையுள்ள ஸ்ப்ராக்கெட், ஸ்பேசர் எல்லாம் மாட்டிய நிலையில் ரிம் இருந்தால்தான் அதற்கு மாற்று ரிம் என்று பெயர். டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியையும் பாருங்கள். மழை டயரில் முன் டயரின் பள்ளங்களும் பின் டயரின் பள்ளங்களும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் ஓடும். கண்ணுக்கு “தப்பா மாட்டின மாதிரி” தெரிகிறதே என்று திருப்பி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அம்பு சொல்வதுதான் சரி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் பேடுகள் அவற்றைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் தள்ளப்பட்டுவிடும். புது டிஸ்க் உள்ளே போனதும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மெக்கானிக் ஆக்ஸிலை முறுக்கி, பிஞ்ச் போல்ட்டை இறுக்கி, “போ போ” என்று தட்டிவிடுவார். ரைடர் பிட் லேன் கடந்து முதல் திருப்பத்தில் லீவரை இழுத்தால் அது கைப்பிடி வரை வந்து ஒட்டும். அந்த இடத்தில் டிராக் ஈரமாகவும் இருந்தால் தப்பிப்பது கஷ்டம். ஸ்டாண்டிலிருந்து பைக்கை இறக்குவதற்கு முன்பே லீவர் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை அழுத்துங்கள். இதை மெக்கானிக் ஒருமுறை, ரைடர் ஒருமுறை என இருவரும் செய்ய வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

காற்றழுத்தம்: மழையென்றால் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கை

மணலில் வண்டி சிக்கினால் காற்றை இறக்குகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. ஈரத்தில் காற்றைக் குறைத்தால் டயர் தளர்ந்து பள்ளங்கள் நெருங்கிவிடும், தண்ணீர் வெளியேற வழி இருக்காது. டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் அழுத்தம் குறையக் குறையக் குறையும். பின் சக்கர மழை டயருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தம் பெரும்பாலும் அதே அளவு ஸ்லிக்கைவிட (பள்ளமே இல்லாத வெயில் டயர்) சில பிஎஸ்ஐ அதிகமாகவே இருக்கும். அந்த அட்டவணையை முந்தின நாள் இரவே ஒரு தாளில் எழுதி டூல் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது விஷயம், எந்த சூட்டில் அளந்தோம் என்பது. மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற டயர் 50 டிகிரி சூட்டில் இருக்கலாம். அப்போது 30 பிஎஸ்ஐ வைத்தீர்கள். மழை பெய்து டயர் 26 டிகிரிக்கு இறங்கினால், ஒரு துளி காற்றும் கசியாமலே அளவுமானி 27 பிஎஸ்ஐக்குக் கீழே காட்டும். ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ என்ற கணக்கு. அதனால் மழைக்கு என்று ஒதுக்கிய ரிம்களை நிழலில், துணி போர்த்தி வையுங்கள். வெளியே போவதற்குச் சற்று முன்பு மறுபடி அளந்துவிடுங்கள். அளவுமானியும் ஒன்றே இருக்கட்டும். இரண்டு அளவுமானிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் வருவது சாதாரணம்.

வார்மர் விஷயத்திலும் ஒரு சிக்கல். மலிவான வார்மர்களில் சூட்டை மாற்றும் வசதி கிடையாது, நேராக 80 டிகிரிக்குப் போய்விடும். ஸ்லிக்குக்கு அது சரி. மழை டயரின் மென்மையான ரப்பரை அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் வேகவைத்தால் டிராக்கைத் தொடுவதற்கு முன்பே அதன் ஆயுளில் ஒரு பங்கு போய்விடும். அதற்குக் கதகதப்பு போதும். வார்மரே வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு.

கறுப்பா, பளபளப்பா?

ஸ்லிக்கா வெட்டா என்ற கேள்விக்கு டிராக்கின் நிறமே பதில் சொல்லும். தார் கறுத்திருந்தாலும் பளபளப்பு இல்லையென்றால் அது வெறும் ஈரம், மேலே தண்ணீர் நிற்கவில்லை. சூடான ஸ்லிக்கில் கவனமாகச் சமாளிக்கலாம். வானத்தின் வெளிச்சம் தாரில் பிரதிபலித்தால் தண்ணீர் நிற்கிறது. முன்னால் போகும் பைக்கின் பின் டயரிலிருந்து சாரல் எழுந்தால் இன்னொரு லேப் என்ற பேச்சே வேண்டாம், உள்ளே வந்துவிடுங்கள். சில வகுப்புகளில் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர்தான் என்று விதியிருக்கும். அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஆனால் காற்றழுத்தத் தலைவலி அப்படியே இருக்கிறது.

பலரும் நினைப்பதற்கு மாறாக, கொட்டும் மழையைவிட முதல் பத்து நிமிடத் தூறல்தான் மோசம். பல நாள் புழுதி, சொட்டிய ஆயில், டயர்கள் விட்டுப்போன ரப்பர் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து வழவழவென்று மேலே வரும். நல்ல மழை அரை மணி நேரம் பெய்தால் அதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். வெயிலில் எந்தக் கோட்டில் பிடி அதிகமோ, அங்கேதான் ரப்பர் படிந்திருக்கும். ஈரத்தில் அதே கோடு வழுக்கும். வளைவில் அந்தக் கறுத்த தடத்துக்கு ஒரு பைக் அகலம் வெளியே கரடுமுரடான தாரைத் தேடுங்கள். டிராக் ஓரத்தில் வர்ணம் பூசிய கெர்பையும் வெள்ளைக் கோட்டையும் சாய்ந்த நிலையில் தொடவே கூடாது.

காயத் தொடங்கியதும் கதை தலைகீழ். எல்லா பைக்கும் போகும் கோடுதான் முதலில் காயும். அங்கே மழை டயரோடு இரண்டு மூன்று லேப் வேகமாகப் போனால் நடுப்பட்டையின் ரப்பர் கட்டைகள் ஓரம் பிய்ந்து, சுருள் சுருளாகக் கிளம்பும். கையால் தடவினால் ரம்பம்போல உறுத்தும். நேர்ப்பாதையில் பக்கவாட்டில் ஒதுங்கி, தேங்கியிருக்கும் தண்ணீரின் மேல் ஓட்டி டயரைக் குளிர வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு அந்த டயர் வேண்டியிருக்கும்.

சஸ்பென்ஷன்: கணக்கு வைக்காமல் திருகுவது

ஈரத்தில் பிரேக்கும் மெதுவாக, த்ராட்டிலும் மெதுவாக. அதனால் எடை முன்னும் பின்னும் சாய்வது குறைவு. வெயிலுக்குக் கெட்டியாக வைத்த, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அப்படியே உயர்ந்து நிற்கும், முன் டயரில் பாரம் விழாது, பிடியும் தெரியாது. கம்ப்ரஷனில் (அமுங்கும் வேகம்) இரண்டு மூன்று க்ளிக், அதாவது திருகின் படி, ரீபவுண்டில் (மீண்டெழும் வேகம்) இரண்டு க்ளிக், ப்ரீலோடில் (ஸ்பிரிங்கின் முன்னழுத்தம்) ஒரு சுற்று தளர்த்துவது ஆரம்பத்துக்குச் சரியான அளவு. தளர்த்துவதில் தவறு நேர்வதில்லை, திருப்பி வைப்பதில்தான் நேர்கிறது. “நாலு க்ளிக் தளர்த்தினேனா, அஞ்சா?” என்று மெக்கானிக் யோசிக்கும்போது அடுத்த செஷன் தொடங்கிவிடும். முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை க்ளிக் என்று எண்ணி, ஒரு வெள்ளை டேப்பில் எழுதி டேங்க்கில் ஒட்டிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

பைக்கின் வெளி உறையான ஃபேரிங்கின் கீழ்ப்பகுதியில் ஆயிலைத் தாங்குவதற்காக உள்ள தொட்டியில் ஒரு துளை இருக்கும். வெயிலில் அது அடைத்திருக்க வேண்டும், செஷன் ஈரம் என்று அறிவித்தால் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் உள்ளே தேங்கும் தண்ணீர் பிரேக் போடும்போது முன்னால் அலம்பி, த்ராட்டில் கொடுக்கும்போது பின் டயர் மேல் கொட்டும். காய்ந்த பிறகு மூட மறந்தால் பைக்கைச் சோதிக்கும் ஆய்வாளரிடம் பதில் சொல்ல வேண்டும்.

தலையும் உடம்பும்

ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசர் மேல் நாலைந்து டேர்-ஆஃப் (அழுக்கானதும் உரித்துவிடும் மெல்லிய தாள்) ஒட்டிக்கொண்டு மழையில் போவது வீண். தாள்களுக்கு நடுவே தண்ணீர் ஏறி, எதிரே வருவதெல்லாம் கலங்கலாகத் தெரியும். உரித்துவிடுங்கள். உள்ளே பனி படியாமல் இருக்கப் போடும் பின்லாக்கின் சிலிக்கான் விளிம்பு முழுவட்டமும் வைசரைத் தொட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி இருந்தாலும் அதன் வழியே மூச்சின் ஆவி நுழைந்துவிடும். மாலை மழைமேகத்தின் கீழே இருட்டிவிடும் என்பதால் கறுப்பு வைசரோடு மட்டும் வந்துவிடாதீர்கள்.

லெதர் சூட்டுக்கு மேலே மழைக்கோட்டைப் பிட்டிலேயே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சென்னைப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. மழை உள்ளே வருவதற்கு முன் வியர்வையில் நனைந்துவிடுவீர்கள், ஹெல்மெட்டும் பனிபிடிக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். மாற்றுக் கையுறை ஒரு ஜோடி கட்டாயம்.

கொடியும் கடிகாரமும்

சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதிகளில் வெள்ளைக் கொடியில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பகுதியில் துளி விழுகிறது என்று அர்த்தம். அதோடு மஞ்சள்-சிவப்புப் பட்டைக் கொடியும் சேர்ந்தால் மழை பெய்கிறது. பட்டைக் கொடி தனியாக வந்தால் மழையல்லாத வேறு காரணத்தால் வழுக்கும், பெரும்பாலும் ஆயில். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் புதியவர்கள் மட்டுமல்ல.

காய்ந்துகொண்டிருக்கும் டிராக்கில் லேப் நேரத்தைப் பார்த்து செட்டப்பை எடைபோடுவதும் ஏமாற்று வேலை. ஒவ்வொரு லேப்பும் டிராக் தானாகவே வேகமாகிக்கொண்டிருக்கும். இரண்டு க்ளிக் தளர்த்தியதால் மூன்று விநாடி கிடைத்தது என்று நினைத்தால் அது பெரும்பாலும் வெயில் தந்த மூன்று விநாடி. அப்படிப்பட்ட செஷனில் ஒரே செட்டப்போடு ஓடுங்கள். எந்த வளைவு முதலில் காய்கிறது, எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, பிரேக்கைத் தொட்டதும் எந்த இடத்தில் முன் டயர் நழுவப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் மழை வந்தால் அந்தக் குறிப்புதான் உதவும். காயட்டும் என்று பிட்டிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அது கிடைக்காது.

மாலையில் மூட்டை கட்டும்போது செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு லூப் (செயின் எண்ணெய்) அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் தண்ணீர் உள்ளேயே அடைபடும். நனைந்த சூட்டை வெயிலிலோ வண்டிக்குள்ளோ காயப்போடாமல், மின்விசிறிக்கு எதிரே நிழலில் தொங்கவிடுங்கள். கையுறைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் நாளிதழைத் திணித்து வையுங்கள். பெட்ரோல் கேனின் மூடி மழையில் திறந்து கிடந்ததா என்று ஒருமுறை பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். சந்தேகம் வந்தால் அடியில் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் அந்தக் கேனை டேங்க்கில் ஊற்ற வேண்டாம்.