மருத்துவமனை சாப்ளின் குழுவை நடத்துகிறவர் தன்னைக் காத்துக்கொள்ள

நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் கிறிஸ்தவ ஊழியர்களான சாப்ளின்களுக்குத் தலைவர் நீங்கள். உங்கள் களைப்புக்குக் காரணம் தேடுவதானால் கடந்த நான்கு வார டூட்டி ரோஸ்டரை எடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். இரவில் கூப்பிட்ட நாட்கள், மரணப் படுக்கைக்குப் போன நாட்கள், சிற்றாலய ஆராதனை நடத்திய ஞாயிறுகள், வேறொருவர் லீவுக்குப் பதிலாக நின்ற நாட்கள் ஆகியவற்றை மட்டும் வட்டமிடுங்கள். மிஷன் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தெரியவருவது ஒன்றுதான்: காலியான இடத்திலெல்லாம் தலைவர் பெயரே நிரப்பியிருக்கும். கேட்டால் "ஊழியம்தானே" என்போம். மோசே காலைமுதல் சாயங்காலம்வரை வழக்குக் கேட்டதைப் பார்த்த மாமனார் எத்திரோ, யாத்திராகமம் 18-இல், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றுதான் ஆரம்பிக்கிறார். பிறகு ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். அதுவும் ரோஸ்டர் வேலைதான்.

உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருந்தால் இரவு அழைப்பு மூன்று நாளுக்கு ஒன்று என்று சுற்றி வரட்டும். இருப்பதே இரண்டு பேர் என்றால், பணி ஓய்வு பெற்ற ஆயர்களையும் சபை மூப்பர்களையும் பழக்கிப் பொது வார்டு சந்திப்புகளை அவர்களிடம் விடுங்கள். ஐசியூவும் மரண அழைப்பும் மட்டும் பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும். நடுராத்திரிக்கு மேல் கூப்பிட்டால் மறுநாள் வேலை எட்டு மணிக்கு அல்ல, பதினொரு மணிக்கு. இதைச் சலுகையாக வைக்காமல் விதியாக எழுதி வையுங்கள். முதலில் நீங்களே கடைப்பிடிக்க வேண்டும். நீங்கள் ஏழரைக்கே வந்து நின்றால், குழுவில் சின்னவர் எவரும் பதினொரு மணிக்கு வரத் துணியமாட்டார்.

ஞாயிறு உங்களுக்கு வேலை நாள். ஆகவே வாரத்தில் வேறொரு முழு 24 மணி நேரம் வேண்டும், திங்கள் வசதி. இதில் எல்லோரும் சறுக்குவது போனில்தான். வீட்டில் இருந்தபடியே நான்கு அழைப்பை எடுத்தால் அது லீவே இல்லை. மருத்துவமனை ஆபரேட்டர் மேஜையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் அன்றைக்கு மாற்று ஆளின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். வார்டு சிஸ்டர்களுக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு படுக்கையின் துக்கத்தை அடுத்த படுக்கைக்குச் சுமந்து போகாமலிருக்க, ஏற்கெனவே செய்கிற ஒரு காரியமே போதும். கையைச் சுத்தமாக்கும் மருந்தான ஹேண்ட் ரப் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். மருந்து உள்ளங்கையில் விழும்போது இப்போது பார்த்துவிட்டு வந்தவரின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். விரல் இடுக்குகளைத் தேய்க்கையில் "இவரை உம்முடைய கையில் விடுகிறேன்" என்று ஒரு வரி. கட்டைவிரலைச் சுற்றித் தேய்க்கும்போது ஒரு நீளமான மூச்சை வெளியே விடுங்கள். கை காய்ந்த பிறகுதான் அடுத்த திரையை விலக்க வேண்டும். ஈரக் கையோடு ஓடுகிற நாட்களில் இது நடக்காது. அப்படிப்பட்ட நாள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

குழந்தை இறந்த பிறகோ, ஒரே நாளில் இரண்டாவது மரணத்துக்குப் பிறகோ நேரே அடுத்த வார்டுக்குப் போகாதீர்கள். சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், சாப்பிடாதிருந்தால் சாப்பிடுங்கள். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குக் கிடைத்தது முதலில் தூக்கம், பிறகு சுட்ட அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு தடவை. தூதன் அங்கே பிரசங்கம் பண்ணவில்லை.

மனதில் தங்கிவிடுகிற சந்திப்புகளுக்கு வெர்பேட்டம், அதாவது பேசியதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் குறிப்பு, எழுதுங்கள். மேய்ப்புப் பணிக்கான மருத்துவமனைப் பயிற்சியை 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் தொடங்கிய ஆன்டன் பாய்சன் தாமே மனநோயாளியாகச் சிகிச்சை பெற்றவர். அந்தப் பயிற்சி மரபில் வளர்ந்த கருவி இது. ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் ஓடியது என்று அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நாம் பேச வேண்டியிருந்ததையெல்லாம் பேசியதாக எழுதிவிடுவோம். மூன்றாவது பத்தி வெறுமையாக இருந்தால் வெர்பேட்டம் வீண்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இதை வைத்து ஒருவரிடம் பேசுங்கள். குழுவில் மற்ற எல்லோருக்கும் மேற்பார்வையாளர் நீங்கள். உங்களுக்கு யாரும் இருக்கமாட்டார். வெளியிலிருந்து ஒருவரைத் தேடுங்கள். உங்கள் மாறுதலையும் சம்பள உயர்வையும் முடிவு செய்கிறவரிடம் போகாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும் முக்கியமானதை மறைப்பீர்கள். நோயாளியின் பெயர், ஊர், படுக்கை எண் எதையும் கொண்டுபோகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடுவதும் இதே தவறுதான். ஜெபம் என்ற பெயரில் ஒருவரின் நோய் ஊரெல்லாம் தெரிந்துவிடுகிறது.

பிரசங்கத் தயாரிப்பைத் தனித் தியானமாகக் கணக்கு வைக்காதீர்கள். பிரசங்கிக்கப் போவதில்லாத ஒரு வேதபகுதியோடு தினம் பதினைந்து நிமிடம் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச் சோர்வை விளக்கியபோது அதை நோயாகச் சேர்க்காமல் வேலை சார்ந்த நிலையாகச் சொல்லி மூன்று அடையாளம் காட்டியது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வது எதற்கும் பலனில்லை என்று தோன்றுவது. சாப்ளினுக்கு நடுவிலுள்ளது தந்திரமாக வரும். எல்லாப் படுக்கையிலும் ஒரே ஜெபம், வார்த்தைகூட மாறாமல். திரையை விலக்கும்போது நோயாளி தூங்கிக்கொண்டிருந்தால் ஒரு சின்ன நிம்மதி. இது எப்போதாவது என்றால் மனித இயல்பு. வாரக்கணக்கில் என்றால் ரோஸ்டரை மறுபடி பாருங்கள்.

தூக்கமின்மையும் எதிலும் ஆர்வமின்மையும் இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே காட்டக் கூச்சமாக இருந்தால் வேறு இடத்தில். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்; அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். "விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசம் பண்ணு" என்கிற ஆலோசனை இந்த நிலையில் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறவருக்கு அது இன்னும் பட்டினி.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், பிறகு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள், பெரிய வெள்ளி என்று பாரம் எப்போது ஏறும் என்பது முன்கூட்டியே தெரியும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்கான லீவு விண்ணப்பத்தை அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரத்துக்கும் அப்படியே. டிசம்பரில் கேட்டால், "கிறிஸ்துமஸ் முடியட்டும் ஐயா, பார்க்கலாம்" என்பார்கள்.