சோதனைக் கூடத்தில் ஒரு மாதம்: சிவில் மாணவர்களுக்கான பயிற்சி வழிகாட்டி

கட்டுமானப் பொருள் சோதனைக் கூடத்தில் நான்கு வாரப் பயிற்சிக்குச் சேரும் சிவில் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. கான்கிரீட்டின் வலிமை 28ஆம் நாளில்தான் கணக்கில் கொள்ளப்படுகிறது. பயிற்சியோ ஏறக்குறைய அதே நாட்களில் முடிந்துவிடுகிறது. முதல் வாரத்தை வேடிக்கை பார்ப்பதில் கழித்துவிட்டால், தன் கையால் வார்த்த கியூபை, அதாவது சோதனைக்கான கனசதுரக் கான்கிரீட் கட்டியை, தன் கையால் உடைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது. எனவே சேர்ந்த அன்றே, மறுநாள் எந்தத் தளத்தில் கான்கிரீட் போடுகிறார்கள் என்று கேட்டு, மாதிரி எடுக்கப் போகிறவருடன் வண்டியில் ஏறிவிடுங்கள். குறைந்தது ஆறு கியூப்களை நீங்களே வார்த்து, மூன்றை 7ஆம் நாளிலும் மூன்றை 28ஆம் நாளிலும் உடைக்க அனுமதி கேளுங்கள். ஒரே ஒரு மாதிரியை ஆரம்பம் முதல் அறிக்கை வரை பின்தொடர்ந்தவருக்கு, இருபது சோதனைகளை எட்ட நின்று பார்த்தவரைவிட அதிகம் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: தடித்த அட்டை போட்ட ஒரு குறிப்பேடு, பேனா, தளத்துக்கு ஏற்ற காலணி, தலைக்கவசம். பென்சில் வேண்டாம்; அழித்து எழுதிய எண்ணைச் சோதனைக் கூடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். தவறாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். இந்தியத் தர நிர்ணயங்கள் அனைத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, 516, சிமெண்டுக்கு 4031, மணல், ஜல்லிக்கு 383, 2386, மண்ணுக்கு 2720 என்று எண்களைக் குறித்துக்கொண்டு, நாளை நடக்கவிருக்கும் சோதனைக்கு உரிய பகுதியை மட்டும் இன்று இரவு படித்தால் போதும்.

தளத்தில் மாதிரி எடுக்கும்போது

ஐ.எஸ். 456-இன்படி 16 முதல் 30 கன மீட்டர் வரை கான்கிரீட் போட்டால் மூன்று மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கியூப்கள். ரெடிமிக்ஸ் லாரியிலிருந்து முதலில் விழும் கலவையையும் கடைசியில் வழியும் கலவையையும் எடுக்காதீர்கள். நடுவில் வருவதைப் பிடித்து, தட்டில் மறுபடி கலந்த பிறகே அச்சில் நிரப்புங்கள். 150 மில்லிமீட்டர் அச்சை மூன்று அடுக்காக நிரப்பி, 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியால் அடுக்குக்கு 35 குத்துகளாவது குத்த வேண்டும். முப்பத்தைந்தும் நடுவிலேயே விழுந்தால் மூலைகளில் காற்று தங்கிவிடும். அச்சின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் சிமெண்டுப் பால் ஓரத்தில் ஒழுகி, அந்த விளிம்பில் ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட கியூப் குறைந்த சுமையிலேயே உடையும்போது பழி கலவையின் மேல் விழும். அதனால் எண்ணெய் தடவும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் திருகிப் பாருங்கள்.

முதல் 24 மணி நேரம் அச்சு அசையக் கூடாது. நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். பிறகு 27 டிகிரி செல்சியஸ், இரண்டு டிகிரி கூடக் குறைய இருக்கும் நீர்த்தொட்டியில் இறக்க வேண்டும். கத்திரி வெயில் காலத்தில், கூரை போடாத தொட்டியின் நீர் இந்த அளவைத் தாண்டிவிடும். தினமும் காலையிலும் பிற்பகலிலும் வெப்பமானியை விட்டுப் பார்த்துக் குறித்து வைப்பது பயிற்சி மாணவர் தானாக முன்வந்து செய்யக்கூடிய நல்ல வேலை.

கியூபை உடைக்கும்போது

கூடத்தில் சி.டி.எம். என்று அழைக்கப்படும் அழுத்த இயந்திரத்தின் முன் நிற்கும் முன்பே கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லிமீட்டர் கியூபின் முகப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். ஆகவே எம் 25 தரக் கான்கிரீட்டின் வலிமையான சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்பது 562.5 கிலோ நியூட்டன் சுமைக்குச் சமம். சுமை ஏற வேண்டிய வேகம் சதுர மில்லிமீட்டருக்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன். அதாவது வினாடிக்கு ஐந்து கிலோ நியூட்டனைச் சற்றே தாண்டும். இந்த வேகத்தில் 700 கிலோ நியூட்டனில் உடையும் கியூபுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வரிசையில் நிறைய கியூப்கள் காத்திருக்கின்றன என்று வால்வை வேகமாகத் திறந்து அரை நிமிடத்தில் உடைத்தால், இருப்பதைவிட அதிக வலிமை இருப்பதாக இயந்திரம் காட்டும்.

நான் பயிற்சியில் இருந்தபோது செய்த பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே மாதிரியைச் சேர்ந்த மூன்று கியூப்களில் இரண்டு 700, 710 கிலோ நியூட்டனில் உடைந்தன. மூன்றாவது 500-இலேயே நின்றுவிட்டது. கலவை சரியில்லை என்று எழுதப் போனேன். பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த உதவியாளர் ஒருவர் உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கரண்டி போட்டுத் தேச்ச பக்கம் எது?" என்று கேட்டார். நான் அந்தப் பக்கத்தையே மேலே வைத்திருந்தேன். கரண்டியால் தேய்த்த பக்கம் சமமாக இருப்பதில்லை. மேட்டில் மட்டும் இரும்புத் தட்டு படிந்து, சுமை ஒரு பக்கமாக இறங்கிவிடுகிறது. அச்சின் சுவரை ஒட்டி இருந்த வழவழப்பான இரண்டு பக்கங்களே மேலும் கீழும் வர வேண்டும். மூன்றின் சராசரி வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 28.3 நியூட்டன், என் கியூபின் 22.2 அதிலிருந்து 21 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தது. விலகல் 15 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியின் முடிவு செல்லாது. உடைந்த துண்டுகளை உடனே அள்ளிக் கொட்டிவிடாமல், உடைந்த வடிவத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து மணற்கடிகாரம் போல் நின்றால் சுமை நேராக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால், எண்ணை எழுதும் முன் காரணத்தைத் தேடுங்கள்.

மற்ற சோதனைகள்

சிமெண்டுச் சோதனையில் நம் ஊரின் பெயர் இருக்கிறது. 200 கிராம் சிமெண்டுடன் 600 கிராம் தர மணல் சேர்த்து 70.6 மில்லிமீட்டர் கியூப் வார்க்கிறோம் அல்லவா, அந்தத் தர மணலுக்கு நாடு முழுவதும் எண்ணூர் மணல் என்றுதான் பெயர். பெரியது, நடுத்தரம், நைஸ் என மூன்று பருமனில் வரும் அதைச் சம பங்காகக் கலக்க வேண்டும். பை தீர்ந்துவிட்டது என்று சாதாரண மணலைப் போட்டால், 53 கிரேடு சிமெண்ட் 3 நாளில் 27, 7 நாளில் 37 நியூட்டன் காட்ட வேண்டும் என்ற ஒப்பீட்டுக்கே பொருள் இல்லாமல் போகும்.

எம்-சாண்ட் சல்லடைச் சோதனை எளிது என்பதால் பலர் கவனம் இல்லாமல் செய்கிறார்கள். மணல் முழுக்கக் காயாமல் சலித்தால் தூள் கட்டிபிடித்து மேல் சல்லடையிலேயே தங்கிவிடும். அடுப்பில் உலர்த்தி, ஆறிய பிறகு எடை போடுங்கள். சல்லடைகளில் தங்கியவற்றின் கூட்டுத்தொகை நீங்கள் எடுத்த எடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே உங்கள் வேலைக்கு நீங்கள் வைக்கும் தேர்வு. கம்பிக்கு, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டர் எடையைச் சரிபாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி 0.89 கிலோ வரும். மண்ணுக்கு, எந்த ஈரத்தில் மண் அதிகம் இறுகும் என்று காட்டும் பிராக்டர் சோதனையையும், தளத்தில் மணல் நிரப்பி அடர்த்தி பார்ப்பதையும் ஒரே மண்ணில் செய்து பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிடிபடும்.

எண்ணைச் சற்றுக் கூட்டி எழுதச் சொல்லி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நீங்கள் பார்க்காத சோதனைக்கு அளவீட்டுத் தாளில் எதையும் நிரப்பாதீர்கள், பார்த்த எண்ணை மாற்றாதீர்கள். கூடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பணிவாக விலகிக்கொள்ளுங்கள். நீங்கள் சோதித்த கான்கிரீட்டில் எழும் தூணுக்குக் கீழே ஒரு குடும்பம் உறங்கப் போகிறது.

கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையில் சோதனை முறைகளைத் தர நிர்ணயத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுத வேண்டாம். உங்கள் ஆறு கியூப்களின் கதையை எழுதுங்கள்: வார்த்த தேதி, கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் அளவு, தொட்டியின் வெப்பம், உடைந்த சுமை, உடைந்த வடிவம், சந்தேகப்பட்ட இடம். வாடிக்கையாளரின் பெயரையும் தளத்தின் பெயரையும் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. வார்க்கத் தாமதமாகி 28ஆம் நாள் பயிற்சிக்குப் பின் வந்துவிட்டால், அந்தத் தேதியைக் கூடத்தின் பதிவேட்டில் உங்கள் பெயரோடு குறித்துவிட்டு, அன்று காலை ஒரு மணி நேரம் போய் நின்று உடைத்துவிட்டு வாருங்கள்.