யானையா, தேரா? நேரலையில் செஸ் பார்க்கும்போது நாங்கள் செய்த தவறுகள்

"யானையைக் கொடுத்துட்டான்!" என்று நான் ஃபோனைப் பார்த்துக் கத்தினேன். எதிர் பெஞ்சில் பருப்புவடை தின்றுகொண்டிருந்த சேட்டன் அசரவே இல்லை. "ஆன போயாலென்தா, தேரு ரண்டும் உண்டல்லோ!" என்றார். ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் வேறு வேறு காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

தமிழக-கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது சகஜம். தமிழில் மூலையில் நிற்பது யானை. மலையாளத்தில் அங்கே நிற்பது தேர். அவர்கள் ஆன என்று சொல்வது, நாம் மந்திரி என்கிற, கோணலாகப் போகும் காயை. போதாக்குறைக்கு அவர்களில் பலருக்கு மந்திரி என்றால் நம்ம ராணி. 'மந்திரி போச்சு' என்றால் ஒருவருக்குச் சின்ன நஷ்டம், இன்னொருவருக்கு ஆட்டமே முடிந்தது. கூட்டாக உட்கார்ந்து பார்க்கும்போது காயின் பெயரோடு நிறுத்தாமல் கட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "சி1ல இருந்தது", "எஃப்7ல வெட்டினான்" என்றால் பாலக்காட்டுக்காரருக்கும் புரியும், பொள்ளாச்சிக்காரருக்கும் புரியும்.

தேசிய சாம்பியன்ஷிப்பை இந்தப் பக்கம் ஆர்வமாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது. திருச்சூர்க்காரர் நிஹால் சரின், திருவனந்தபுரத்து எஸ்.எல். நாராயணன் என்று கேரளத்துக்குப் பெருமை சொல்ல ஆள் உண்டு. நம் பக்கமோ பட்டம் வென்றவர்களின் வரிசையே நீளம்: ஒன்பது முறை வென்ற மானுவல் ஆரோன், 1986 முதல் 1988 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற ஆனந்த், பிறகு சேதுராமன், கார்த்திகேயன் முரளி, அரவிந்த் சிதம்பரம். 2025இல் குண்டூரில் நடந்தபோது ஈரோட்டு இனியன் வென்றார். முதல் தேசியப் போட்டியும் ஆந்திரத்தில்தான், 1955இல் ஏலூரில். ஆக, பெஞ்சில் இரண்டு கட்சி எப்போதும் இருக்கும். சண்டைக்குக் குறைவே இல்லை.

அந்தச் சண்டையில் அடிக்கடி நடக்கிற முதல் தவறு, திரையில் தெரிவதை இந்த நொடி நடப்பதாக நினைப்பது. ஏமாற்று வேலையைத் தடுக்கப் பல பெரிய போட்டிகளில் நகர்த்தல்களைக் கால் மணி நேரம் போலத் தாமதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஒருமுறை நாங்கள் ஒரு கடைசிக்கட்ட ஆட்டத்தை 'டிரா, இல்லை வெற்றி' என்று சாயா பந்தயம் கட்டி அலசிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் இருந்த பையன் முடிவுகள் பக்கத்தைத் திறந்து, "அண்ணா, இது எப்பவோ முடிஞ்சிருச்சு" என்றான். நகர்த்தல் வரும் முன்னே முடிவு வந்துவிட்டிருந்தது. பந்தயம் கட்டுகிறவர்கள் அந்தப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, பலகை செய்யும் கோளாறை ஆட்டக்காரர் தலையில் கட்டுவது. நேரலைக்கு வைக்கும் டிஜிடி என்ற மின்னணுப் பலகையின் அடியில் உணரிகள் இருக்கின்றன. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அவைதான் கணினிக்குச் சொல்கின்றன. காய் சரியாக நடுவில் உட்காராவிட்டாலோ, அவசரத்தில் தட்டிவிட்டாலோ திரையில் அபத்தமான நகர்த்தல் தெரியும். கிராண்ட்மாஸ்டர் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்ததாகத் தெரிந்தால், பொங்குவதற்கு முன் இரண்டு நகர்த்தல் பொறுங்கள். பாதி நேரம் அது தானாகத் திருந்திவிடும். ஆட்டம் முடிந்ததும் ராஜாக்கள் திடீரென்று நடுப்பலகைக்கு வந்து நிற்பதைப் பார்த்து, "ராஜாவை ஏன் அங்கே கொண்டு வந்தான்?" என்று கேட்காதவர் எங்கள் கடையில் ஒருவர்கூட இல்லை. அது முடிவைப் பதிவு செய்யும் முறை. வெள்ளை வென்றால் இரண்டு ராஜாக்களையும் நடுவிலுள்ள வெள்ளைக் கட்டங்களில் வைப்பார்கள், கறுப்பு வென்றால் கறுப்புக் கட்டங்களில். டிரா என்றால் வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று.

இனி அந்தப் பட்டை. யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரல், போடுகிற கணக்கைக் காட்டியபடி திரையின் ஓரத்தில் ஏறி இறங்குகிற வெள்ளை கறுப்புப் பட்டைதான் எல்லா வாக்குவாதத்துக்கும் தாய். +1 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்று நாங்கள் வெகுநாள் நம்பினோம். ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினின், 2022இல் வந்த 15.1 பதிப்பிலிருந்து கணக்கையே மாற்றிவிட்டார்கள். இன்ஜின் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதுதான் இப்போது +1. ஆடுவது இன்ஜின் என்பதைக் கவனியுங்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துக் குடித்து, கடிகாரத்தில் நாற்பது வினாடியோடு இருக்கிற மனிதனுக்கு அந்த எண் பொருந்த வேண்டியதில்லை.

யானையும் மந்திரியும் ஒரு பக்கம், வெறும் யானை எதிர்ப் பக்கம், இரு பக்கமும் சிப்பாய் கிடையாது என்ற முடிவாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (சேட்டனுக்காக: தேரும் ஆனயும், எதிரே தேர்.) இன்ஜின் பெரும்பாலும் 0.00, அதாவது சமம், என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். 'டிராதானே, கை குலுக்கிட்டுப் போகலாமே' என்று பெஞ்சு சலித்துக்கொள்ளும். ஆனால் மந்திரி வைத்திருப்பவர் டிராவுக்குச் சம்மதிக்காவிட்டால், காய் எதுவும் வெட்டப்படாமல் இரு பக்கமும் 50 நகர்த்தல் கடக்கும்வரை எதிராளி தாங்க வேண்டியிருக்கலாம். அந்த ஐம்பதையும் தாங்கிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்றால், நல்ல கிராண்ட்மாஸ்டர்களே இதில் தோற்றிருக்கிறார்கள். 0.00 என்று காட்டும் ஆட்டம்தான் சில நாள் அந்தச் சுற்றிலேயே பார்க்கத் தகுந்ததாக இருக்கும்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு நோய், "இதைக்கூடப் பார்க்கலையா!" என்று சொல்வது. விடை கையில் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நாங்கள் இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு நகர்த்தலைச் சொன்ன பிறகுதான் திறக்கிறோம். அன்றிலிருந்து எங்கள் குரல் நிறையவே இறங்கிவிட்டது.

கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 வினாடியும் என்ற கணக்கில், 60 நகர்த்தல் ஆடினால் ஒருவருக்கு மொத்தம் இரண்டு மணி நேரம்தான். தொடக்கத்தில் ஒரு நகர்த்தலுக்கு அரைமணி யோசித்தவர், முப்பதாவதில் தடுமாறினால் காரணம் அந்த அரைமணி. நகர்த்தலை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

புள்ளிப்பட்டியலில் செய்யும் தவறு கொஞ்சம் வேறு மாதிரி. தோற்றவரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடுகிற சுவிஸ் முறையில், முதல் சுற்றில் தரவரிசைப் பட்டியலின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு மோதும். பிறகு ஒரே புள்ளிக்காரர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். மூன்றாம் சுற்றில் மூன்றுக்கு மூன்று எடுத்தவரைச் சாம்பியன் ஆக்கிவிடாதீர்கள். அவர் இன்னும் தன் நிலைக்காரர் ஒருவரைக்கூடச் சந்திக்காமல் இருந்திருக்கலாம். புள்ளி சமமானால் சமன் உடைக்கும் விதி எது என்பதைப் போட்டியின் விதித்தாளில் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நாளில் பார்க்கிறவர்கள்தான் 'அநியாயம்' என்று கத்துகிறார்கள்.

குறைந்த நகர்த்தலில் டிரா ஆனால் 'பேசி வெச்சுட்டாங்க' என்பதும், யாரோ பெயர் தெரியாத பையன் பெரிய ஆளைத் தோற்கடித்தால் 'ஃபோன் வெச்சிருப்பான்' என்பதும் எங்கள் கடையிலும் உண்டு. முன்னது சில நேரம் வெறும் களைப்பு, சில நேரம் கறுப்புக் காயில் கிடைத்த அரைப் புள்ளியே லாபம். பின்னது கடுமையான குற்றச்சாட்டு. சந்தேகத்தை விசாரிக்க நடுவர் இருக்கிறார். பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளையின் பெயரைச் சாயாக்கடையில் இழுப்பது அசிங்கம். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அரங்குக்குள் ஃபோன் கூடாது என்றால் கூடாது. சைலண்டில் போட்டிருக்கிறேன் என்பது செல்லாது. ஒரு பலகையில் ஏதோ தவறு நடப்பது கண்ணில் பட்டால் ஆட்டக்காரரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள், நடுவரிடம் மட்டும் சொல்லலாம். உங்கள் பிள்ளையே ஆடினாலும், அது நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் நிற்காமல் இருப்பதே மேல். என் அக்கா மகன் ஆடிய ஒரு போட்டியில் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவன் என்னைத் தேடவே இல்லை. எதிரே இருந்த பையனின் அப்பாதான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நடுவர் வந்து தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போகும்வரை.