16 இன்ச் அலாய் மாட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு

கடையில் வரிசையாகத் தொங்கும் அலாய் வீல்களைப் பார்த்தால் கை பரபரக்கும், தெரிந்ததுதான். விலை கேட்பதற்கு முன்னால் இப்போது வண்டியில் இருக்கும் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மாருதி ஸ்விஃப்ட் காரின் கீழ் மாடல்களில் 165/80 R14 என்று இருக்கும். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 சதவீதம் சைட்வால் (ரிம்முக்கு வெளியே இருக்கும் டயரின் பக்கச் சுவர்) உயரம், அதாவது 132. ரிம் 14 இன்ச், 25.4-ஆல் பெருக்கினால் 355.6. சைட்வால் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 264-ஐக் கூட்டினால் டயரோடு சேர்த்து வீலின் மொத்த உயரம் 619.6 மி.மீ.

இதே கணக்கை 195/55 R16-க்குப் போட்டால் 620.9 வருகிறது. ரிம் 2 இன்ச் கூடியிருக்கிறது, வீலின் உயரமோ ஒன்றரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை, ஸ்பீடோமீட்டரும் கியரும் பழையபடிதான். ரிம் பெரிதாவது வேறு, வீலே பெரிதாவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் மச்சான் அப்படி மாட்டியவர். "டயருக்கு மேல இருக்கிற பாடி வளைவு நிறைஞ்சு தெரியணும் மாப்ள" என்று 205/60 R16 போட்டுவிட்டு வந்து நின்றார். உயரம் 652, பழையதைவிட 5 சதவீதம் அதிகம். அந்த வண்டியில் ஐந்து பேர் கொல்லிமலை ஏறினோம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்பு இரண்டாவது கியரிலேயே ஏறிய திருப்பங்களில் முதல் கியருக்கு இறக்க வேண்டியிருந்தது, ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும் போதெல்லாம் உள்ளே பிளாஸ்டிக்கில் டயர் உரசும் சத்தம் வேறு. வீல் 5 சதவீதம் உயர்ந்தால் ரோட்டைத் தள்ளும் பலம் ஏறக்குறைய அதே அளவு குறையும், அவ்வளவுதான் விஷயம். பிரேக்குக்கும் இதே கதை, அதே வேகத்தை நிறுத்த இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும்.

மைலேஜ் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வீல் பெரிதானால் மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கும், அதனால் பெட்ரோல் கணக்கு நிஜத்தைவிட மோசமாகத் தெரியும். ஸ்பீடோவில் 80 என்றால் நிஜத்தில் 84 வரை இருக்கலாம் (புது வண்டிகளில் மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அதில் மறைந்துவிடும்). வீல் உயரத்தில் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டயர்காரர்கள் சொல்லும் கணக்கு. நான் 2-ஐயே தாண்ட மாட்டேன்.

சரி, உயரம் பொருந்திவிட்டது என்றால் அடுத்தது எடை. பழைய வீலை டயரோடு கழற்றி எடை மெஷினில் வையுங்கள், புதியதையும் வையுங்கள். அலாய் என்றாலே லேசு என்று நினைக்காதீர்கள், மலிவான 16 இன்ச் அலாய் பழைய இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. கனமான வீலைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி போகும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சஸ்பென்ஷனும் திணறும். சைட்வால் 132-இலிருந்து 107-க்கு இறங்கிவிடுவதால் குழியின் அடி நேராக ரிம்முக்கும் உங்கள் இடுப்புக்கும் வரும். திருப்பத்தில் வண்டி கெட்டியாக நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஊர் ரோடு ஓட்டுபவர் 185/65 R15-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது, அதன் உயரமும் 621.5-தான்.

வாங்கும்போது ரிம்மின் உட்புறம் ET என்று ஓர் எண் இருக்கும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது), பழையதோடு ஒப்பிடுங்கள். ரொம்பக் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நின்று பேரிங்கைத் தின்னும். நான்கு நட்டு, அவை அமைந்திருக்கும் 100 மி.மீ. வட்டம் என்பது மட்டும் பொருந்தினால் போதாது, நடு ஓட்டையும் ஹப்பில் (வீல் மாட்டும் அச்சு முனையில்) இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கும். டயரில் அளவுக்குப் பக்கத்தில் 85 என்று இருப்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, புது டயரில் அந்த எண் குறையவே கூடாது. மாட்டியதும் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்கள், உரசல் இருந்தால் கடை வாசலிலேயே தெரிந்துவிடும். 100 கிலோமீட்டர் ஓடியபிறகு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். அப்புறம் ஸ்டெப்னி: அது பழைய 14 இன்ச்சாகவே இருக்கும், அலாய்க்கு வந்த புது நட்டு அதற்குச் சேராமல் போகலாம், பழைய நட்டு நான்கையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.